அடிக்குறிப்பு அணிகலன் அன்று

ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று துணிவதற்கு முன்னர், அஃது எவர் கூற்று, எங்கே கூறப்பட்டது, எப்பொழுது கூறப்பட்டது என்னும் மூன்றையும் அறிதல் வேண்டும். சாட்சியின் பெயரைக் கேளாமல் தீர்ப்பெழுதும் நடுவர் எவருமிலர். ஆயினும், தமிழாய்வு என்னும் பெயரால் வெளிவரும் கட்டுரைகள் பலவற்றில், 'அறிஞர் கூறுவர்', 'ஆய்வாளர் சிலர் கருதுவர்', 'என்பது யாவரும் அறிந்ததே' என்னும் தொடர்கள் பெயரும் ஊருமின்றி உலவுகின்றன. எந்த அறிஞர்? எந்த நூலில்? எந்தப் பக்கத்தில்? இவ்வினாக்களுக்கு அக்கட்டுரைகளில் விடையில்லை. விடை கேட்பவன் குறும்பன் எனப்படுகின்றான்.

இஃது ஒரு நோய். இதற்கு மாற்றாக மற்றொரு நோயும் பரவியுள்ளது. மாணவன் எழுதிய ஆய்வேட்டைக் கையிலெடுக்கும் மேற்பார்வையாளர் சிலர், நூற்பட்டியலில் காற்புள்ளி நிற்கவேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி நின்றால் சிவப்பு மையால் வட்டமிடுகின்றனர். நூற்பெயர் சாய்ந்த எழுத்தில் இல்லையெனில் மதிப்பெண்ணைக் குறைக்கின்றனர். அம்மாணவன் அந்நூலைக் கண்ணால் கண்டானா, காட்டிய பக்கத்தில் அச்செய்தி உண்மையிலேயே உள்ளதா என்று ஒருமுறையேனும் புரட்டிப் பார்ப்பதில்லை. முதல் நோயாளர் அடிக்குறிப்பை வேண்டாச் சுமையென ஒதுக்குகின்றனர். இரண்டாம் நோயாளர் அதனை அணிகலனாகப் பூட்டி அழகு பார்க்கின்றனர். அடிக்குறிப்பு வாசகனைச் சான்றிடம் அழைத்துச் செல்லும் வழி என்பதை இரு சாராருமே மறந்தனர்.

மேனாட்டுச் சரக்கா?

அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் மேனாட்டார் வழக்கம். தமிழ் மரபுக்கு அவை வேண்டா என்று வாதிடுவார் உளர். இவ்வாதம் தமிழ் மரபை அறியாமையால் எழுந்ததாகும்.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் வழங்கிய சிறப்புப் பாயிரம் எதனைச் செய்கின்றது? நூலை ஆக்கியோன் பெயரைச் சொல்கின்றது. முந்து நூல் கண்டு செய்தமையைச் சொல்கின்றது. அரங்கேறிய அவையத்தைச் சொல்கின்றது. கேட்டு ஆய்ந்த அதங்கோட்டாசான் பெயரையும் சொல்கின்றது. பின்வந்த பவணந்தியார் நன்னூலில், ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகள் சிறப்புப் பாயிரத்தில் அமைதல் வேண்டும் என்றார். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு. இன்றைய நூலகப் பதிவேடு கேட்கும் ஆசிரியர், நூற்பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை அன்றே தமிழ் கேட்டது. அவற்றோடு நில்லாது, 'வழி' என்ற ஒன்றையும் கேட்டது. இந்நூல் எந்நூலின் வழி வந்தது என்னும் அவ்வினாவே மேற்கோள் நெறியின் உயிர்நிலையாகும்.

புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில் அமைந்த குறிப்புகளையும் எண்ணிப் பார்த்தல் தகும். திணை இது, துறை இது, பாடப்பட்டோன் இவன், பாடியோர் இவர் என அவை கூறுகின்றன. அக்குறிப்புகள் இல்லையேல் சங்ககால வரலாற்றில் பெரும்பகுதி இருளில் கிடந்திருக்கும். குறிப்பு இல்லாதொழிந்தால் நேரும் கேட்டுக்கும் சங்க இலக்கியமே சான்று. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலை இயற்றியவரின் இயற்பெயர் தொகுத்தோர்க்கே கிட்டவில்லை. பாட்டில் வந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப் பெயல்நீரார் என்றனர். அணிலாடு முன்றிலாரும் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அவ்வாறு பெயர் பெற்றோரே. பெற்ற பெயர்கள் அழகியவை. இழந்த பெயர்களோ மீளா.

உரையாசிரியர்களிடம் இரண்டு வழக்கமும் உண்டு. 'என்பாரும் உளர்' என்று பெயர் சுட்டாமல் பிறர் கருத்தை மறுத்துச் செல்வதுண்டு. அந்த 'உளர்' யாவர் என்று தேடிப் பிற்காலத்தார் உழைத்த உழைப்புச் சிறிதன்று. இதற்கு மாறாக, சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதியம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் எனத் தாம் துணைக்கொண்ட நூல்களைப் பெயர் சுட்டிச் சென்றார். இப்படி உரைகளிலும் பிற இடங்களிலும் சிதறிக் கிடந்த பெயர்களையும் மேற்கோள்களையும் திரட்டித்தான் மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் நூலை எழுத முடிந்தது. முத்தொள்ளாயிரத்தில் இன்று கிடைப்பனவற்றுள் பெரும்பகுதி, நூற்பெயர் சுட்டிப் பாடல்களைத் தொகுத்த புறத்திரட்டால் பிழைத்தது. மேற்கோளும் அதன் பெயரும் சேர்ந்து நின்றமையால் மாண்ட நூலின் சுவடேனும் எஞ்சியது.

அச்சுக் காலத்தும் இம்மரபு அறுபடவில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், தமக்கு ஏடுகள் யாரிடமிருந்து கிடைத்தன என்பதை முன்னுரைகளில் நன்றியுடன் பதிவு செய்தார். பாட வேறுபாடுகளைப் பக்கத்தின் அடியில் காட்டினார். அவர் காட்டிய அடிக்குறிப்பை மேனாட்டுச் சரக்கு என்று தள்ளுவோர், அவர் பதிப்பையும் தள்ளத் துணிவரோ?

இந்நாட்டு மரபு

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கு இச்செய்தி தொலைவான ஒன்றன்று. 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அதனை முன்னின்று நடத்திய தனிநாயக அடிகள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அதே காலத்தில், தமிழாய்வுக்குரிய நூல்களைத் தொகுத்து ஒரு வழிகாட்டி நூலை ஆங்கிலத்தில் அவ்வாண்டே வெளியிட்டார். 1969-இல் இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டுத் 'தமிழ் மலேசியானா' என்னும் தொகுப்பை அளித்தார். இவ்விருவரும் கதை எழுதிப் புகழ் தேடியவரல்லர். பிறர் எழுதியவை அழியாவண்ணம் பெயர், ஆண்டு, இடம் குறித்து வைத்தவர்கள். இந்நாடுகளின் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகும் எவரும் அவர்கள் அமைத்த படியில் கால் வையாமல் மேலே ஏற முடியாது. அத்தகைய முன்னோரைப் பெற்ற மண்ணில், 'இணையத்தில் கண்டது' என்று ஒரு வரி எழுதி ஆய்வேட்டை முடிக்கும் மாணவனைக் காணுங்கால் நெஞ்சு பதைக்கின்றது.

உருவ வழிபாட்டின் விளைவு

இனி இரண்டாம் நோயை ஆராய்தல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் மாணவர்க்கு ஒரு முறையை விதிக்கின்றன. பெரும்பாலும் அஃது அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறையாக அமைகின்றது. அதன் ஏழாம் பதிப்பு 2019-இல் வெளிவந்தது. உளவியல் போன்ற துறைகளில் அண்மை ஆண்டின் ஆய்வே முதன்மை பெறும். ஆகவே அம்முறை ஆசிரியர் பெயருக்கு அடுத்து ஆண்டை நிறுத்துகின்றது. அத்துறைக்கு அது பொருந்தும். அதனைச் சிந்தியாமல் தமிழிலக்கியத்தின்மேல் போர்த்தினால் என்ன நேரும்? 'திருவள்ளுவர் (2003)' என்றும் 'பாரதியார் (2010)' என்றும் எழுத நேரும். 1921-இல் மறைந்த பாரதியார் 2010-இல் எழுதியது யாது? மாணவன் வாங்கிய மலிவுப் பதிப்பின் ஆண்டு, கவிஞரின் ஆண்டாகிவிடுகின்றது. நூறாண்டுக் கருத்து வளர்ச்சியை ஆராயும் கட்டுரையில் இப்பிழை நுழைந்தால், முன்னது பின்னதாகும், பின்னது முன்னதாகும்.

இக்குற்றத்தை அம்முறையின்மேல் ஏற்றுதலும் நேர்மையன்று. மறுபதிப்பைச் சுட்டும்பொழுது மூல ஆண்டையும் பதிப்பாண்டையும் சேர்த்துத் தருவதற்கு அம்முறையே இடந்தருகின்றது. கற்பிப்போர் அப்பகுதியைப் படிப்பதில்லை. புள்ளி வைக்கும் இடத்தைப் படித்தனர். புள்ளியின் பயனைப் படித்தாரல்லர்.

பழைய நூல்களுக்குப் பாட்டெண் கொடுத்தால் போதும் என்று கருதுவாரும் உளர். அதுவும் முழுமையாகாது. தொல்காப்பியத்தில் ஓர் உரையாசிரியர் ஒரு நூற்பாவாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பகுப்பர். ஆதலின் உரையாசிரியர் பெயரின்றி நூற்பா எண் மட்டும் தருவது, தெருப்பெயர் இன்றிக் கதவிலக்கம் தருவதை ஒக்கும். திருக்குறளுக்கு இன்று வழங்கும் எண் பரிமேலழகர் கொண்ட முறையைத் தழுவியது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துள் குறள்கள் நிற்கும் வரிசை வேறுபடும். கம்பராமாயணத்திலோ பதிப்புக்குப் பதிப்புப் பாடல் தொகையே மாறும். எந்தப் பதிப்பு என்று கூறாத எண், எண்ணாக இருந்தும் பயன் தராது.

பெயரைத் தலைகீழாக்கும் பிழை

எல்லாவற்றினும் கொடியது பெயரைச் சிதைப்பது. மேனாட்டார்க்குக் குடும்பப்பெயர் உண்டு. அதனை முன்னே இட்டு அகரவரிசை செய்தல் அவர்க்கு இயல்பு. தமிழர்க்குப் பெரும்பாலும் குடும்பப்பெயர் இல்லை. உள்ளது தந்தை பெயரும் தன் பெயருமே. தமிழ்நாட்டு வழக்கில் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் முதலெழுத்துகளாக முன்னே நிற்க, இயற்பெயர் இறுதியில் வரும். ஆகவே 'மு. வரதராசன்' என்பதை 'வரதராசன், மு.' என மாற்றினால், தற்செயலாகவேனும் இயற்பெயரே தலைமை பெறும்.

மலேசியப் பதிவு வழக்கோ இதற்கு நேர்மாறானது. இயற்பெயர் முன்னேயும், 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரம்புவான்' என்னும் சொல் நடுவேயும், தந்தை பெயர் இறுதியிலும் நிற்கும். இறுதிச் சொல்லைத் தூக்கி முன்னே வைக்கும் விதியை இங்கே செலுத்தினால், நூலை எழுதிய மகள் மறைந்து எழுதாத தந்தை ஆசிரியராகிவிடுகின்றார். முத்துசாமியின் மகள் மல்லிகா என்று ஒருவர் இருப்பதாகக் கொண்டால், நூற்பட்டியலில் அவர் 'முத்துசாமி, ம.' ஆகிறார். அவருடைய தம்பியும் ஓர் ஆய்வாளனாயின், தமக்கையின் கட்டுரையும் தம்பியின் கட்டுரையும் தந்தை பெயரில் ஒருங்கே அடுக்கப்படும். பெண் ஆய்வாளர் திருமணத்துக்குப் பின் கணவர் பெயரை ஏற்றால், ஒருவரே மூவராகித் தோன்றுவதும் உண்டு. ஒருவருடைய உழைப்பு மற்றொருவர் கணக்கில் சேர்வதை வணிகத்தில் என்ன பெயரிட்டு அழைப்பரோ, அதே பெயர் இதற்கும் பொருந்தும்.

இச்சிக்கலைத் தீர்க்க வழியில்லையா? உண்டு. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழித் தமிழரான சீ. இரா. அரங்கநாதன், நூற்பட்டி விதிகளை 1934-இல் வெளியிட்டபோது இந்தியப் பெயர்களின் இயல்பையும் கருதியே விதி செய்தார். 1978-இல் வந்த ஆங்கில அமெரிக்க நூற்பட்டி விதிகளின் இரண்டாம் பதிப்பும் இந்திய மொழிப் பெயர்களுக்குத் தனி விதி வகுத்தது. உலக நூலகங்கள் ஏற்றுக்கொண்ட ஒன்றைத் தமிழாய்வுத் துறைகள் ஏற்கத் தயங்குவது வியப்பினும் வியப்பே.

'மேலது' எது?

அடிக்குறிப்பில் வழங்கும் சுருக்கங்களும் குழப்பமே தருகின்றன. ஒருவர் 'மேலது' என்பார், மற்றொருவர் 'மேற்படி' என்பார், வேறொருவர் 'மு.கா.நூ.' என்பார். இவற்றுள் 'மேலது' மிகுந்த ஏமாற்றத்துக்கு இடமாவது. கட்டுரையைத் திருத்தும்பொழுது இடையில் ஒரு புதிய குறிப்பைச் செருகினால், அதன் கீழுள்ள 'மேலது' தன் தாயை விட்டு அயலாளைத் தாயென்று சுட்டும். எழுதியவரும் அறியார்; படிப்பவரும் அறியார். ஆசிரியர் பெயரும் நூற்பெயரின் சுருக்கமும் பக்க எண்ணும் தந்தால் இத்துன்பம் இல்லை. இரண்டு சொல் மிகுதியாக எழுதுவதால் தாள் தீர்ந்துவிடாது.

அகரவரிசையும் கைவிடப்பட்டுள்ளது. நெடுங்கணக்கில் 'ன' இறுதியெழுத்து. கணினியின் குறியெண் வரிசையிலோ அது 'ந'வுக்கு அடுத்து வருகின்றது. கணினி அடுக்கித் தந்ததை அப்படியே ஏற்பவர், தாம் முதல் வகுப்பில் கற்ற நெடுங்கணக்கையும் மறந்தவராவர். இன்னும் சிலர் தலைப்பெழுத்தையே முதலாகக் கொண்டு அடுக்குவர். புனைபெயரையும் இயற்பெயரையும் வெவ்வேறு இடத்தில் வைத்து ஒருவரை இருவராக்குவர். 'புதுமைப்பித்தன்' என்னுமிடத்தில் 'சொ. விருத்தாசலம்' என்றும், 'கல்கி' என்னுமிடத்தில் 'ரா. கிருஷ்ணமூர்த்தி' என்றும் குறித்தல் வேண்டாவோ? அவர்களையேனும் உலகம் அறியும். இந்நாட்டு இதழ்களில் இரண்டு மூன்று புனைபெயர்களில் எழுதி மறைந்த எழுத்தாளர்களை யார் அடையாளம் காட்டுவர்?

இதழ்த் தாளில் கிடக்கும் இலக்கியம்

இந்நாடுகளின் தமிழிலக்கியம் நூல்களில் பிறந்ததைவிட நாளிதழ்களின் ஞாயிறு மலர்களில் மிகுதியாகப் பிறந்தது. 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோயிற்று. கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகின்றது. அதன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் காத்து வருகின்றது. தமிழ் நேசனில் 1950, 1951 ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, மலேசியச் சிறுகதை வரலாற்றில் தவறாமல் பேசப்படுவது. அதனைப் பற்றி எழுதும் மாணவன், இதழின் நாளையும் பக்கத்தையும் நேரிற் கண்டு குறிக்காமல், பிறர் கட்டுரையிலிருந்து எடுத்து எழுதினால், அப்பிறர் செய்த பிழையும் அவனுடன் பயணம் செய்யும். பத்துப் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியபின் அப்பிழை பத்துச் சான்றுகளுடைய உண்மையாக வேடமிடும். மூல இதழ் தாள் பழுத்து உதிர்ந்தபின் அதனைத் திருத்துவார் எவர்? வழிநூலைக் கண்டவன் வழிநூலையே சுட்டுதல் வேண்டும். காணாத மூலத்தைக் கண்டதாகக் காட்டுதல் பொய்ச்சாட்சி.

இன்று கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கணினிச் செயலிகளும் வந்துவிட்டன. இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்கம் ஆகியவற்றைப் புள்ளி பிசகாமல் அமைத்துத் தர அவை வல்லன. உருவத்தை மட்டும் திருத்தி வந்த மேற்பார்வையாளர் அப்பட்டியலுக்கு முழு மதிப்பெண் வழங்குவார். உள்ளதைத் தவறான புள்ளியுடன் எழுதிய ஏழை மாணவன் மதிப்பெண் இழப்பான். உருவ வழிபாடு இறுதியில் கொண்டுவந்து நிறுத்தும் இடம் இதுவே.

செய்யத் தக்கவை

உருவம் முதன்மையன்று எனின், எவரும் எவ்வாறும் எழுதலாமோ என்று வினவலாம். ஆகாது. ஒழுங்கு இருந்தால்தான் தேடுவோர் விரைந்து காண்பர். அவ்வொழுங்கு தமிழின் இயல்பிலிருந்து எழுதல் வேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது. இரு நாட்டுப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும், ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும், எழுத்தாளர் அமைப்புகளும் கூடிச் சில பக்கங்களில் ஒரு பொதுநெறியை வகுத்தால் போதும்.

அந்நெறியில் ஐந்து கூறுகள் இன்றியமையாதன. ஒன்று, நூலை எழுதியவரின் இயற்பெயரே தலைமை பெறல் வேண்டும். மலேசியப் பெயரை இருந்தவாறே நிறுத்தல் வேண்டும். இரண்டு, மறுபதிப்பாயின் முதற்பதிப்பு ஆண்டும் கையிலுள்ள பதிப்பின் ஆண்டும் சேர்ந்து நிற்றல் வேண்டும். மூன்று, பழைய நூல்களுக்குப் பாட்டெண்ணோடு உரையாசிரியர் அல்லது பதிப்பாசிரியர் பெயரும் தருதல் வேண்டும். நான்கு, இதழ்ச் செய்திக்கு இதழின் பெயர், நாள், பக்கம், கண்ட இடம் ஆகியவற்றைத் தருதல் வேண்டும். ஐந்து, தானே கண்டதும் பிறர்வழிக் கண்டதும் பிரித்துக் காட்டப்படல் வேண்டும்.

தேர்வாளர்க்கும் ஒரு கடமை உண்டு. ஒவ்வோர் ஆய்வேட்டிலும் பத்து அடிக்குறிப்புகளையேனும் தெரிந்தெடுத்து, நூலை விரித்து, காட்டிய பக்கத்தில் காட்டிய செய்தி உள்ளதா எனச் சரிபார்த்தல் வேண்டும். காற்புள்ளிக்குக் குறைக்கும் மதிப்பெண்ணைப் பொய்ப்பக்கத்துக்குக் குறைக்கட்டும். இப்பழக்கம் வேரூன்றினால் மாணவர் தாமே நூலகம் நோக்கி நடப்பர்.

பள்ளி ஆசிரியர் இதனைப் பல்கலைக்கழகத்துக்கென ஒத்திவைத்தலும் தகாது. ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒரு பழமொழியின் பொருளைக் கேட்டு வந்து எழுதினால், 'இதனை யாரிடம் கேட்டாய்?' என்று ஆசிரியர் வினவட்டும். 'பாட்டியிடம்' என்று அவன் விடையிறுப்பான். அவ்விடையையும் ஏட்டில் எழுதச் சொல்லட்டும். அதுவே அவன் எழுதும் முதல் அடிக்குறிப்பு. வாங்கியதை வாங்கியது என்று சொல்லக் கற்றவன், வளர்ந்தபின் பிறர் உழைப்பைத் தன்னுடையது என்று சொல்ல நாணுவான்.